அழுது முடியாத உப்பு: உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த ஒரு குடும்பத்தை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடல்நீரேரி ஓரத்து உப்பளம் ஒன்றுக்குப் போனேன். வரம்பில் இறங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை. மகன் ஈரக் குவியலில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான், துப்பினான், "கசக்குது, எங்கட ஊர் உப்பு சரியில்லை" என்று தீர்ப்பும் சொன்னான். தாய் அதே குவியலில் இரண்டு கிலோ கேட்டு வாங்கிப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் விட்ட இரண்டு பிழைகளும் அப்படியே.

தொப்பி போடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள் என்று எழுதப் போவதில்லை. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மார்கழியில் போவது

ஒன்றும் இருக்காது. ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரை நிற்கும், பாத்தியெல்லாம் வெள்ளம். மழை விட்டு, வெயில் ஏறி, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால்தான் உப்பு விளையும். ஆடி, ஆவணியில் போனால் கண் கூசும் வெள்ளை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு இது வாய்ப்பான காலம். மழை கணக்குத் தப்பினால் என்ன நடக்கும் என்பதை 2025 தொடக்கத்தில் கண்டோம். நாட்டின் உப்பளங்கள் மழையில் அடிபட்டு, சுற்றிவரக் கடல் உள்ள தீவு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது.

கேட்காமல் நுழைவது

ஏ9 வீதியில் போகும்போது ஆனையிறவு தெரிந்தவுடன் "நிப்பாட்டுங்கோ, இறங்கிப் பாப்பம்" என்பார்கள். 1930களில் தொடங்கி, 1990இல் யுத்தத்தால் நின்று, பல வருஷம் கழித்து மறுபடி உயிர் பெற்ற உப்பளம் அது. பார்க்க ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது அரச நிறுவனத்தின் வேலைத்தலம், பூங்கா அல்ல. முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சின்ன உப்பளமென்றாலும் முதல்நாளே பொறுப்பாளரோடு ஒரு வார்த்தை கதைத்து வையுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை, அதாவது கண்ணிவெடி எச்சரிக்கையை, எங்காவது கண்டால் படம் எடுக்கவும் கிட்டப் போக வேண்டாம்.

பாத்திக்குள் சப்பாத்து

வேண்டாம். அந்தக் களித்தரையை நாள்கணக்காக மிதித்து இறுக்கியவர்கள் வரம்பில்தான் நிற்கிறார்கள்.

புது உப்பு

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

கடல்நீரைக் காயவிட்டால் உப்பு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிக் கதை. ஒரு லீட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது 35 கிராம் அளவில். அதில் முக்கால்வாசிக்கு மேல் நாம் சாப்பிடும் உப்பு, மிச்சம் வேறு சாமான். தண்ணீர் பாத்திக்குப் பாத்தி மாறித் தடிக்கும்போது ஒவ்வொன்றும் தன் முறைக்குக் கீழே படியும். முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம். மிதக்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்து, தண்ணீரின் தடிப்பைச் சொல்லும் பியூமே அளவில் 25 பாகை காட்டும்போது உப்பு மணி கட்டத் தொடங்கும். 29, 30 பாகை வந்தால் மிச்சத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட வேண்டும். ஏனென்றால் அதற்குள் இருப்பது மகனீசிய உப்புகள். தொட்டால் எண்ணெய் மாதிரி வழுவழுக்கும், நாக்கில் வைத்தால் வேப்பங்காய்.

அன்றைக்கு வாரிக் குவித்த உப்பின் ஒவ்வொரு மணியிலும் அந்தக் கசப்புத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். பெடியன் துப்பியது உப்பை அல்ல, அதை. குவியல் வாரக்கணக்கில் கிடந்து அந்தத் தண்ணீர் வடிய வேண்டும். வடிந்த உப்பின் ருசியே வேறு.

நான் செய்தது இன்னும் மோசம். பத்துக் கிலோ வாங்கினேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "உது இன்னும் அழுது முடியேல்லை தம்பி, இப்ப கொண்டு போகாதேங்கோ" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இரட்டைப் பையில் கட்டி, வானின் பின் ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு கிழமை மறந்துபோனேன்.

சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீர் இழுக்கும். மகனீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். யாழ்ப்பாணத்துக் காற்றில் அது என்றைக்கும் இருக்கும். ஆகவே பைக்குள் அந்த உப்பு இரவும் பகலும் காற்றைக் குடித்துக்கொண்டு அழுதது. பையின் மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்திருக்க வேண்டும். பாயைத் தூக்கிப் பார்த்தபோது தகரம் தவிட்டு நிறத்தில் பொருக்கு விட்டிருந்தது, பெருவிரலால் அமத்த உள்ளே போனது. வெட்டி ஒட்டுப்போட 18,000 ரூபாய். உப்புக்குக் கொடுத்தது 200 ரூபாய்!

மிஞ்சிய உப்பைப் பெரியம்மா தேசிக்காய் ஊறுகாய்க்குப் போட்டார். ஆறு மாதம் கழித்துச் சாடியைத் திறந்தால் அடிநாக்கில் கசப்பு. இன்றுவரை அந்த ஊறுகாயை என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பழைய குவியலைக் கேளுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்தி விரியுங்கள். உள்ளங்கை ஈரமாக மினுங்கினால் அது இன்னும் அழுகிறது. மணிகள் பொலபொலவென்று கொட்டினால் சரி. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து, பனையோலைக் கடகத்தில் கொட்டி, கீழே ஒரு மண்சட்டி வையுங்கள். சட்டியில் சேரும் தண்ணீரைக் கண்டால் உங்களுக்கே விளங்கும்.

பிடி பிடியாக ருசிப்பது

மூன்றாவது கல்லோடு நாக்கு மரத்துவிடும், பிறகு எல்லாம் ஒன்றுதான். மிளகளவு ஒரு மணி போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளியுங்கள். நான் பச்சை மாங்காய்த் துண்டுகள் கொண்டுபோவேன். ஒரே உப்பைக் கல்லாக ஒரு துண்டிலும் பொடித்து இன்னொரு துண்டிலும் தூவிப் பாருங்கள். தூள் உடனே கரைவதால் கடுமையாகத் தெரியும், கல்லு மெதுவாக வந்து மெதுவாகப் போகும். "இது உறைப்பான உப்பு, அது மென்மையான உப்பு" என்று பெரிய விளக்கம் கொடுக்கிறவர்கள் பாதிப்பேர் மணியின் பருமனைத்தான் ருசிக்கிறார்கள்.

பிரஷர் உள்ளவர்கள் மாங்காயை மட்டும் சாப்பிடலாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு தேக்கரண்டிதான்.

அயடீனை மறப்பது

பாத்தியில் வாரிய உப்பில் அயடீன் சேர்த்திருக்காது. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அது நல்லது. அன்றாடக் கறிக்குக் கடைப் பைக்கற்று இருக்கட்டும், குறிப்பாக வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால்.

படம் எடுப்பது

கேட்டு எடுங்கள்.

உச்சி வெயிலில் போவது

வேலை விடியப்புறம் தொடங்கும். பதினொரு மணிக்குப் போனால் வாரி முடித்த பாத்தியும், நிழலில் இருந்து வெடித்த பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவும் ஆட்களும்தான். அவர்களிடம் அப்போது உப்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் மரியாதைக்குத்தான் பதில் சொல்வார்கள்.

நல்ல தண்ணீர் இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்று குடிக்க, மற்றது காலுக்கு. உப்புக் காலோடு என் வானில் ஏற முடியாது.