சோலார்ல ஹைட்ரஜன் எடுக்கப் போறீங்களா, முதல்ல தண்ணியப் பாருங்க

போன மாசம் தேவகோட்டைப் பக்கத்துல இருந்து மூணு தம்பிங்க ஒரு சின்ன பெம் ஸ்டாக்க, அதான் கரண்ட் விட்டு தண்ணிய ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிக்கிற எலக்ட்ரோலைசர் செல்களோட அடுக்க, தூக்கிக்கிட்டு காரைக்குடிக்கு என்னயத் தேடி வந்தாங்க. சோலார் கரண்ட்ல ஹைட்ரஜன் எடுத்து, அதுலயே கரண்ட் உண்டாக்கி ஓடுற ஃபியூயல் செல் வண்டிக்கு நிரப்பிக் காட்டணும்னு ஒரு வருஷமா உழைச்சிருக்காங்க, கேஸும் நல்லாத்தான் வந்திருக்கு, ஆனா மூணாவது மாசத்துல இருந்து வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகுது, ஏன்னு புரியலண்ணேன்னாங்க. நான் ஸ்டாக்கத் தொடவே இல்ல, என்ன தண்ணி ஊத்துனீங்கன்னுதான் கேட்டேன். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்ன்னு சொன்னதும் மனசு கஷ்டமாயிருச்சு, நானும் அதே குழியில விழுந்து எந்திரிச்சவன்தான்.

பிளஸ் மைனஸ் மாத்திக் குடுக்குறது, உப்பக் கரைச்சு கம்பிய விடுறது, இதெல்லாம் இங்க எழுதல, முதல் நாளே தெரிஞ்சிரும். மாசக்கணக்குல சத்தமில்லாம காசத் தின்றதத்தான் எழுதுறேன்.

தண்ணிதானேன்னு நினைக்கிறது

நம்ம பக்கம் தண்ணியோட அருமை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. குடிக்க ஊரணித் தண்ணி, பொழங்க போர் தண்ணி, ஓட்டுல விழுற மழையக்கூட வளவுல அண்டா வச்சுப் பிடிச்ச வீடுங்க. போர் தண்ணியில பருப்பு வேகாதுன்னு எங்க அப்பத்தா உலை வைக்க குடம் தூக்கிக்கிட்டு ஊரணிக்குத்தான் போவாங்க. பருப்பே வேகாத தண்ணிய எலக்ட்ரோலைசருக்குக் குடுக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியுது, ஆனா கேன்ல அடைச்சு சுத்தமா தெரிஞ்சா நம்பிடுறாங்க.

பெம் ஸ்டாக்குக்குள்ள இருக்கிற மெம்பரேன்ல, அதான் ரெண்டு கேஸையும் பிரிக்கிற சவ்வுல, புரோட்டான் போறதுக்குன்னே இடம் இருக்கு. கால்சியம், மக்னீசியம், சோடியம், இரும்பு எது கொஞ்சம் வந்தாலும் அந்த இடத்துல போயி உக்காந்துக்கும், லேசுல எந்திரிக்காது. இரும்பு இன்னும் மோசம், உள்ள உண்டாகுற பெராக்சைடோட சேந்து மெம்பரேனையே அரிச்சிரும். செல் வோல்டேஜ் 1 வோல்ட்டுக்கு, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 26.6 யூனிட் கரண்ட் போகும். 1.8ல ஓடுனது 2.0க்கு ஏறுச்சுன்னா கிலோவுக்கு அஞ்சு யூனிட்டுக்கு மேல தண்டம், அதுவும் தினமும். கேஸ் அளவு குறையாது, அதனால கரண்ட் கணக்கப் பாக்காதவங்களுக்குத் தெரியவே தெரியாது.

தம்பிங்க, தண்ணியில கரைஞ்ச உப்பக் காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல பாத்தோம், ஜீரோ காட்டுச்சுன்னாங்க. அந்த மீட்டர் 1 பிபிஎம்க்குக் கீழ, அதான் பத்து லட்சத்துல ஒரு பங்குக்குக் கீழ, பிரிச்சுக் காட்டாது. தண்ணி கரண்டக் கடத்துற அளவுல சொன்னா 1 பிபிஎம்ங்கிறது சென்டிமீட்டருக்கு சுமாரா 2 மைக்ரோசீமன்ஸ். ஸ்டாக்குக்கு 1 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழ வேணும், 0.1 கிட்ட இருந்தா நிம்மதி. அதனால அந்த ஜீரோவ நம்பாதீங்க, கண்டக்டிவிட்டி மீட்டர் வாங்குங்க.

என் கதைய சொல்றேன், இன்னைக்கும் எரிச்சலா இருக்கு. நான் வேலை பாத்த எடத்துல ஆர்ஓ, அதுக்கப்புறம் மிச்ச உப்ப ரெசின்ல பிடிச்சு எடுக்கிற டிஐ பிளான்ட்னு எல்லாம் பக்காவா போட்டு வச்சிருந்தோம், பிளான்ட் வாசல்ல மீட்டர் 0.2 காட்டும், நான் அதத்தான் தினமும் நோட்டுல எழுதுவேன். ஒருநாள் பம்ப் பக்கத்துல லீக்குன்னு பிளம்பர் வந்து சாண் நீளத்துக்கு ஜிஐ பைப்ப, அதான் துத்தநாகம் பூசுன இரும்புப் பைப்ப, போட்டுட்டுப் போயிட்டாரு. அவரச் சொல்லி குத்தமில்ல, பக்கத்துலயே நின்னு பாத்துட்டு சரின்னு சொன்னவன் நான். சுத்தத் தண்ணிக்குப் பசி அதிகம், தொட்ட உலோகத்த எல்லாம் கரைச்சு எடுத்துக்கும். துத்தநாகமும் இரும்பும் நேரா ஸ்டாக்குக்குள்ள. நாலு மாசம் கழிச்சு பிரிச்சுப் பாத்தப்ப மெம்பரேன் பழுப்பேறிக் கெடந்துச்சு. ஆனோட்ல இருக்கிறது இரிடியம், மொத்த ஸ்டாக்கும் மாத்துனோம், அந்த பில்ல நெனச்சா இப்பவும் தூக்கம் வராது.

அதனால மீட்டர ஸ்டாக் வாய்கிட்ட வைங்க. ஜிஐ, பித்தளை, செம்பு எதுவும் அந்த லைன்ல வரக்கூடாது. சுத்துற தண்ணியும் சுத்தச் சுத்த அழுக்காகும், அதுல ஒரு பங்கப் பிரிச்சு ரெசின் வழியா விட்டுக்கிட்டே இருக்கணும், ஆனா சூடா விடாதீங்க, 60 டிகிரி தாண்டுனா ரெசினே கெட்டுப்போகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணி கெமிஸ்ட்ரி கணக்கு, ஆர்ஓ கழிச்சு விடுற உப்புத் தண்ணி, அதான் ரிஜெக்ட், அதுக்கு மேல. நம்மூருல அந்த ரிஜெக்ட்ட ஊரணிப் பக்கம் திருப்பி விட்டுறாதீங்க, தயவுசெஞ்சு.

வெயில் இருக்குன்னு பெருசா நம்புறது

350 பார் அழுத்தத்துல ஹைட்ரஜன் நிரப்புற பஸ் ஒன்னு சுமாரா 30 கிலோ பிடிக்கும். கிலோவுக்கு 55 யூனிட்னா 1,650 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு 4 யூனிட் குடுக்கும்னு வச்சா 400 கிலோவாட்டுக்கு மேல பேனல், ஒரே ஒரு பஸ்ஸுக்கு. இதுல கம்ப்ரஸரும் கூலிங்கும் சேக்கல.

அதுலயும் பெம்முக்குப் பதிலா காரக் கரைசல்ல ஓடுற அல்கலைன் மெஷின் வச்சிருக்கவங்க காலையில, சாயந்தரம், ஐப்பசி மூட்டத்துல கரண்ட் கம்மியாகும்போது அந்தக் கொஞ்சக் கரண்ட்லயே ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க. கேஸ் உற்பத்தி குறையும், ஆனா நடுத் தடுப்பத் தாண்டி ஆக்சிஜன் பக்கம் கசியிற ஹைட்ரஜன் ஏறக்குறைய அதே அளவுல வந்துக்கிட்டுதான் இருக்கும், அதனால அதோட சதவீதம் ஏறும். 4 சதவீதத்துல பத்திக்கிற கலவை ஆயிரும், 2லயே நிறுத்திரணும்.

கேஸக் காய வைக்காம அனுப்புறது

ஃபியூயல் செல் வண்டிக்கு ஹைட்ரஜன் எவ்வளவு சுத்தமா இருக்கணும்னு சொல்ற ஐஎஸ்ஓ 14687 தரப்படி ஈரம் 5 பிபிஎம், ஆக்சிஜன் 5 பிபிஎம், அதத் தாண்டக் கூடாது. டிரையர் இல்லாம நிரப்பாதீங்க.

ஷெட்ட மூடிக் கட்டுறது

ஹைட்ரஜன் மேல ஏறும், கூரை மூலையில தங்கும், வெயில்ல அதோட தீ கண்ணுக்கே தெரியாது. உச்சியில தொறப்பு வைங்க, வளவுக்கு நடுவுல வானம் தெரியிற மாதிரி.

பெசோ பர்மிஷன்

பெசோங்கிறது பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பப் பாக்குற மத்திய அரசு அமைப்பு, தலைமை ஆபீஸ் நாக்பூர்ல. அவங்ககிட்ட போயிரணும். லேஅவுட் வரையிறதுக்கு முன்னாடி.

இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல தொறந்த சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிற ஊரு இது, மின்வேதியியல் நம்ம தெருவுல வளந்த படிப்பு. இங்க ஒரு பையன் தண்ணியால தோத்து நின்னா எனக்குத் தாங்காது.

மெம்பரேன்ல உக்காந்த உலோகத்தக் கழுவி எடுக்க, தம்பிங்க ஸ்டாக்குல நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட்ட ரெண்டு நாள் சுத்த விட்டோம். செல் வோல்டேஜ் 2.1ல இருந்தது 1.93க்கு எறங்குச்சு, அதுக்குக் கீழ வரல. இப்ப டிஐ யூனிட் வாங்கியாச்சு, மீட்டர் ஸ்டாக் வாய்ல மாட்டியாச்சு, போன வாரம் போயி லைன் முழுக்க நானே விரலால தடவிப் பாத்தேன். டேங்குக்குக் கீழ ஒரு பித்தளை வால்வு இருந்துச்சு, கழட்டிப் போட்டுட்டு வந்தேன்.