ஊரில ஒரு சின்ன நூதனசாலை போடப் போறீங்களோ? முதல்ல சாமானைக் கழுவாதேங்கோ

எங்கட வன்னிப் பக்கம் ஊர்ப் பழைய சாமான்களைச் சேர்த்து பள்ளிக்கூடத்திலயோ சனசமூக நிலையத்திலயோ ஒரு அறையில வைப்பம் எண்டு வெளிக்கிடுற ஆக்கள் முதல்ல செய்யிற வேலை, வந்த சாமானை கிணத்தடிக்குக் கொண்டுபோய் சவுக்காரம் போட்டு தும்பால உரஞ்சுறதுதான். தயவு செய்து அதைச் செய்யாதேங்கோ. புட்டுப்பானையின்ர அடியில பிடிச்ச கரி ஊத்தை இல்லை, அது அந்தப் பானை விறகடுப்பில உழைச்சதுக்கு சாட்சி, எந்தப் பக்கம் கரி தடிப்பு எண்டு பார்த்தா அடுப்பில எப்பிடி வைச்சவை எண்டதையும் ஊகிக்கலாம். நெல் அளந்த கொத்தின்ர வாய் ஒரு பக்கம் தேஞ்சிருந்தா அது தலை தட்டித் தட்டித் தேஞ்சது. கழுவி வார்னிஷ் அடிச்சா எல்லாம் ஒரே மினுக்கம், கடையில வாங்கின அலங்காரச் சாமானுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது.

குத்துவிளக்கும் செம்பும் அப்பிடித்தான். வீட்டில, கோயிலில புளி போட்டு விளக்குங்கோ, அது பாவனையில இருக்கிற சாமான். சேகரிப்புக்குள்ள வந்தாப் பிறகு புளி வேண்டாம், ஒவ்வொருக்கா விளக்கேக்கயும் பித்தளையில கொஞ்சம் கொஞ்சமாப் போகும், கலியாணத்துக்குக் குடுத்த செம்பில வெட்டின பேர் மழுங்கிறது அதாலதான். மெல்லிய பிரஷ் ஒண்டை எடுத்து தூசியை மட்டும் தட்டுங்கோ, தண்ணி, எண்ணெய், பொலிஷ் ஒண்டும் வேண்டாம்.

இனி கொப்பி. பெரிய நூதனசாலைகளில இருக்கிற கண்ணாடி அலுமாரியும் லைற்றும் இல்லாம நீங்கள் சமாளிக்கலாம், பதிவுக் கொப்பி இல்லாமச் சமாளிக்கேலாது. தடிச்ச மட்டை போட்டு கட்டின கொப்பியா வாங்குங்கோ, ஒற்றை கழட்டுற ஃபைல் வேண்டாம். இலக்கம் போடுற முறை உலகம் முழுக்க கிட்டத்தட்ட ஒண்டுதான், வருஷம், அந்த வருஷத்தில எத்தினையாவது வரவு, அந்த வரவில எத்தினையாவது சாமான். 2025.4.2 எண்டால் 2025இல நாலாவதாக் குடுத்த ஆளின்ர ரெண்டாவது சாமான். சாமான் அறைக்குள்ள வாற அண்டைக்கே இலக்கம் விழவேணும், பேந்து போடுவம் எண்டு விட்டா ஒரு மாதத்தில எது ஆர் தந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

பதிவு எப்பிடி எழுதிறது எண்டதுக்கு ஒரு உதாரணம். "கடகம், பழசு, முத்தையன்கட்டு" எண்டு எழுதினா ஒரு பிரயோசனமும் இல்லை. இப்பிடி எழுதுங்கோ: பனையோலைக் கடகம், ரெண்டு பட்டா இழைச்சது, வாயைச் சுத்தி நாரால பொத்தினது, ஒரு பக்கம் பொத்தல் விட்டு நைலோன் நூலால திருப்பிக் கட்டியிருக்கு, உள்ளுக்குள்ள உமி ஒட்டியிருக்கு, வாய் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, இழைச்சவ ஆர், ஓலை எங்க எடுத்தது, என்னத்துக்குப் பாவிச்சது, கடைசியா எப்ப பாவிச்சது, ஏன் விட்டது. அந்த நைலோன் நூலை ஒரு ஆள் வடிவில்லை எண்டு வெட்டப் பார்ப்பார், விடாதேங்கோ. நார் கிடைக்காத காலத்தில, இல்லாட்டி முகாமில இருந்த காலத்தில, கையில கிடைச்சதை வைச்சு ஒரு அம்மா கட்டியிருப்பா, அதைக் கேட்டு எழுதினா அந்தக் கடகத்தின்ர பாதிக் கதை அதிலதான்.

இலக்கத்தை சாமானில எழுதிறதுக்கு மார்க்கர் பேனை, செலோரேப், ஸ்டிக்கர் மூண்டும் கூடாது. ஓலைச் சாமானுக்கு பருத்தி நாடாத் துண்டில எழுதி நூலால தளர்வாக் கட்டுங்கோ, சீலைக்கு ஓரத்தில ரெண்டு தையல். மரத்துக்கும் மண்பாண்டத்துக்கும் பரலொயிட் பி-72 எண்டு ஒரு பிசின் இருக்கு, அதை அடியில மெல்லிசாப் பூசி, காய்ஞ்சாப் பிறகு மையால எழுதி, மேல திருப்பி ஒருக்காப் பூசுவினம், தேவையெண்டா அசிற்றோன் வைச்சு எடுக்கலாம். கிடைக்காட்டி துண்டு கட்டினாலே போதும்.

சாமானைப் படிக்கிறது எண்டா ஆக்களிட்டக் கேக்கிறதுதான். சுவீடனில ஆர்தர் ஹசேலியுஸ் எண்டவர் 1891இல ஸ்கான்சென் எண்டு திறந்தவெளி நூதனசாலை போட்டவர், ஊர் வீடுகளைப் பேத்துக் கொண்டுவந்து திருப்பிப் பொருத்தி, அதுக்குள்ள அந்த வாழ்க்கையையே காட்டப் பார்த்தார். எங்களுக்கு அவ்வளவு காசுமில்லை காணியுமில்லை, ஆனா ஒரு போன் இருக்கு, வேலை தெரிஞ்ச ஆக்களும் இன்னும் இருக்கினம். பெரியவையிட்டப் போய் "இது என்ன சாமான் அம்மம்மா?" எண்டு கேட்டா ஒரு சொல்லில மறுமொழி வரும், அவ்வளவுதான். சாமானைக் கையில குடுத்து "ஒருக்கா செய்து காட்டுங்கோவன்" எண்டு கேளுங்கோ. சுளகு பிடிச்சா கை தானாப் புடைக்கத் தொடங்கும், அப்ப கதையும் வரும், எந்தப் பக்கம் கல் ஒதுங்கும், குறுனியை எப்பிடிப் பிரிக்கிறது, ஆரிட்டப் பழகினது எண்டெல்லாம். சூடு மிதிச்ச காலத்தைக் கேக்கேக்க களத்தில என்ன கதைக்கக் கூடாது எண்டும் கேளுங்கோ, களவெட்டிக்கெண்டு, அதாவது சூடு மிதிக்கிற களத்துக்கெண்டு, தனிச் சொல்லுகள் இருந்தது, பூதம் பொலியை (நெற்குவியலை) கொண்டுபோயிடும் எண்டு பயத்தில வேற பேர் சொல்லிக் கதைச்சவை, மெசின் வந்தாப் பிறகு அந்தச் சொல்லுகளுக்கு வேலையில்லாமப் போச்சு.

ரெக்கோட் பண்ணேக்க ஃபானை நிப்பாட்டுங்கோ, போனை ஃப்ளைற் மோட்டில போடுங்கோ, தகரக் கொட்டிலுக்குள்ள மழை நேரம் இருக்காதேங்கோ. தொடங்கேக்க திகதி, இடம், ஆர் கதைக்கினம், ஆர் கேக்கினம், இதை வைச்சிருக்கவும் மற்றாக்களுக்குப் போட்டுக் காட்டவும் சம்மதமோ எண்டு சத்தமாக் கேட்டு மறுமொழியையும் பதியுங்கோ. வசதியிருந்தா 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிற், டபிள்யூஏவி ஃபைலா எடுங்கோ, ஒலி ஆவணக் காப்பகங்கள் குறைஞ்சது அந்தத் தரத்தைத்தான் கேக்கும். வட்ஸ்அப்பில அனுப்பி எடுத்த வொய்ஸ் மெசேஜ் காப்புக்கு உதவாது, அது நசுங்கித்தான் வரும். ஒவ்வொரு ஃபைலும் மூண்டு பிரதி, ரெண்டு வித சாதனத்தில, ஒண்டு வேற ஊரில. இடம்பெயர்ந்து பழகின எங்களுக்கு இந்த "வேற ஊரில" எண்டதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒப்பாரியைப் பற்றி ஒரு சொல்லு. நாட்டார் பாடல் எண்டாலே தாலாட்டு, அரிவுவெட்டுப் பாட்டு, ஒப்பாரி எண்டு பட்டியல் போட்டுக்கொண்டு பிள்ளையள் வீடு வீடாப் போவினம். 2009இல போர் முடிஞ்சாப் பிறகு வன்னியில ஒரு அம்மாவைப் பார்த்து "ஒரு ஒப்பாரி பாடுங்கோ, ப்ரொஜெக்ற்றுக்கு" எண்டு கேக்கிறது என்ன மாதிரி எண்டு கொஞ்சம் யோசியுங்கோ. அவையாப் பாடினா, பதியச் சொல்லிச் சொன்னா பதியுங்கோ, இல்லாட்டி விட்டிடுங்கோ.

கூத்து வேற மாதிரி, அது ஆக்கள் பார்க்கவெண்டே ஆடுறது. முல்லைத்தீவுப் பக்கத்து கோவலன் கூத்தை மேடையேறின அண்டு மட்டும் எடுக்காம, அண்ணாவியார் பழக்கிற நாளுகளையும் எடுங்கோ, ஒரு வரியை எத்தினை தரம் திருத்துறார், தாளம் தப்பினா என்ன சொல்லுறார் எண்டதிலதான் கலை கிடக்கு. கூத்துக் கொப்பியளையும் ஸ்கான் பண்ணுங்கோ, மூலக் கொப்பியை அவையிட்டயே திருப்பிக் குடுங்கோ.

எல்லாத்தையும் அறைக்குள்ள கொண்டுவரத் தேவையில்லை. வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில கடல்தண்ணியில விளக்கெரிக்கிறது, அங்கயிருந்து வற்றாப்பளைக்கு மடைப்பண்டம் (படையல் சாமான்) போறது, இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கிறது. அதில ஒரு சாமானும் நூதனசாலைக்குச் சொந்தமாகத் தேவையில்லை. ஆர் ஆருக்கு என்ன பங்கு, எந்த வழியாப் போறது, எது மாறினது எண்டு எழுதி வைக்கலாம், அதுவும் கோயிலாக்களிட்டக் கேட்டு, அவை படம் எடுக்க வேண்டாம் எண்ட இடத்தில கமராவை உள்ள வைச்சிட்டு. யுனெஸ்கோவின்ர 2003 சமவாயமும் இந்த மாதிரி வாழுற மரபுகளுக்குத்தான், அதில அந்த ஆக்களின்ர சம்மதமும் பங்குபற்றலும் முக்கியம்.

இன்னொண்டு, வன்னி எண்டால் பழைய வன்னிக் கிராமங்கள் மட்டும் எண்டு நினைக்கிற ஒரு பழக்கம் இருக்கு, எனக்கு அதில துப்பரவாச் சம்மதமில்லை. குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்தில இருந்தும் தீவுப்பக்கத்தில இருந்தும் வந்தவை இருக்கினம், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து கனக்கச் சனம் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தது. அவையின்ர தப்பு மேளமும், காமன் கூத்தும், கொழுந்துக் கூடையும் உங்கட அறையில இல்லாட்டி அது வன்னி நூதனசாலை இல்லை, ஒரு பகுதியின்ர நூதனசாலை.

இனி பாதுகாப்பு. எங்கட எதிரி ரெண்டு, மாரியும் கறையானும். காத்தின்ர ஈரப்பதன் நூற்றுக்கு 65 தாண்டினா பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், ஐப்பசி தொடங்கி தை மட்டும் எங்கட பக்கம் அதைவிடக் கூடத்தான் நிக்கும். சின்ன ஈரமானி ஒண்டு வாங்கிச் சுவரில மாட்டுங்கோ, காத்தோட்டமா வையுங்கோ, சாமான் நிலத்திலயும் சுவரிலயும் முட்டாம இறாக்கையில இருக்கட்டும், ஒரு சாண் இடைவெளி விட்டா கறையான் ஏறுற மண் கோடு கண்ணுக்குத் தெரியும். சோளகம் அடிக்கேக்க தூசிக்கு யன்னலை மூடுங்கோ. மேற்கு வெயில் விழுற யன்னலுக்குத் தடிச்ச திரை, சீலை, ஓலை, கடதாசி எல்லாம் வெளிச்சத்தில நிறம் போனா போனதுதான், திருப்ப வராது. சுத்தி வைக்க பேப்பர் வேண்டாம், கோடித் துணியை ரெண்டு மூண்டு தரம் அலசி கஞ்சியைப் போக்கிப்போட்டு பாவியுங்கோ, கஞ்சி பூச்சிக்குச் சாப்பாடு.

மரச் சாமானிலயோ பெட்டியிலயோ புதுசா மாவு மாதிரிக் கொட்டுண்டா உள்ள பூச்சி இருக்கு. மருந்தடிக்காதேங்கோ. பொலித்தீனில காத்துப் போகாமச் சுத்தி, ஐஸ்கிரீம் கடையிலயோ மீன்வாடியிலயோ கேட்டு, சைபருக்குக் கீழ 18 பாகைக்குப் போற டீப் ஃப்றீசரில ரெண்டு கிழமை வையுங்கோ, எடுத்தாப் பிறகு ஒரு நாள் பொலித்தீனைப் பிரிக்காதேங்கோ, பிரிச்சா ஈரம் வேர்க்கும். தோல் இழுத்துக் கட்டின பறை, மத்தளம், கண்ணாடி, பெயின்ற் அடிச்ச சாமான் இதுகளை ஃப்றீசரில போட வேண்டாம்.

பழைய ஓலை ஏடு வந்தா அவசரப்படாதேங்கோ. கயிறை அவிழ்க்க முதல் படம் எடுங்கோ, ஒட்டின ஓலையைப் பிரிக்கப் பார்க்காதேங்கோ, தூசியை மட்டும் பிரஷ்ஷால தட்டி, பருத்தித் துணியில சுத்தி, பக்கத்தில வசம்பு ஒரு துண்டு வையுங்கோ. எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுறது, கரி தடவி எழுத்தைத் தெளிவாக்கிறது எல்லாம் பழகின ஆக்களின்ர வேலை. "நூலகம்" எண்ட பேரில இருக்கிற எண்ணிம நூலகம் மாதிரி இடங்களோட கதைச்சு எண்ணிமப் பிரதி எடுக்கலாம்.

சட்டப் பக்கமும் இருக்கு. உழேக்க கிளம்பின காசு, மணி, சிலைத் துண்டு எண்டு ஆரும் கொண்டுவந்தா வாங்கி அலுமாரியில வைக்கேலாது, 1940ஆம் ஆண்டு தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்ர கீழ அது தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய விசயம். துருப்பிடிச்ச இரும்பு என்ன எண்டு தெரியாட்டி தொடவே வேண்டாம், வெடிக்காத குண்டா இருக்கலாம், பிள்ளையளுக்கு இதை முதல் நாளே சொல்லுங்கோ, பொலிசுக்குச் சொல்லிப்போட்டு தூர நில்லுங்கோ.

ஆர் என்ன தந்தாலும் ஒரு கடதாசி, தந்ததோ இரவலோ எண்டு தெளிவா, ரெண்டு பேரும் கையெழுத்து. இரவல் எண்டா திருப்பிக் குடுக்கிற திகதி போடுங்கோ. குத்துவிளக்கு ஒண்டை மகளின்ர கலியாணத்துக்கு ஒரு நாள் கேட்டு வருவினம், அதுக்கும் கொப்பியில ஒரு பக்கம் ஒதுக்குங்கோ, குடுங்கோ, திரும்பி வந்தாப் பிறகு எண்ணெய் பிசுக்கைத் துடைச்சு உள்ள வையுங்கோ.

காட்சிக்கு வைக்கிறது கடைசி வேலை, அதிலதான் எல்லாரும் அவசரப்படுவினம். இருக்கிறதில கால்வாசியை வைச்சாலே அறை நிறையும், மிச்சம் உள்ளுக்குள்ள இருக்கட்டும், மாத்தி மாத்தி வைக்கலாம். அதுக்கு முதல் கிழமைக்கு ஒருக்கா இறாக்கையைச் சுத்திப் பார்த்து கறையான் கோடும் பூச்சி மாவும் தேடுற ஆள் ஆர் எண்டு பேர் போட்டு எழுதுங்கோ, ஆளைக் கூப்பிட்டு நாடா வெட்டுறதைப் பேந்து பார்ப்பம்.