சர்க்கிட் படத்தில் சும்மா நிற்கும் கால்கள்

கிணற்றுத் தண்ணீர் மேல்தாங்கியில் நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் சர்க்கிட்டை வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள் திருகோணமலையில் உண்டு. அதற்கு 4011 ஐசி (பல டிரான்சிஸ்டர் அடங்கிய, 14 கால் கொண்ட சிறு சிப்) மலிவான வழி. படத்தில் இரண்டு நாண்ட் கேட் (உள்ளீடு இரண்டும் 1 ஆனால் மட்டும் 0 தரும் பகுதி) மட்டும் இருக்கும். அதைப் பார்த்து அப்படியே ஈயம் வைத்துவிடுவார்கள். 14ஆம் காலுக்குப் பிளஸ், 7ஆம் காலுக்கு மைனஸ் என்பதைப் பல படங்கள் வரைவதே இல்லை. அது முதல் சறுக்கல்.

பெரிய தலையிடி அடுத்தது. அந்த ஐசிக்குள் இருப்பது நான்கு கேட். பாவிக்காத இரண்டின் உள்ளீடுகளான 8, 9, 12, 13ஆம் கால்களை அந்தரத்தில் விட்டால், பக்கத்து வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு 0க்கும் 1க்கும் நடுவே ஊசலாடும். அப்போது உள்ளே இரு டிரான்சிஸ்டரும் ஒன்றாகப் பாதி திறந்து, பிளஸிலிருந்து மைனஸுக்கு நேரே கரண்ட் பாயும். ஐசி சுடலாம், பாவிக்கிற கேட்டும் பிசகலாம். கடற்கரையோர வீடென்றால் உப்பும் ஈரமும் போர்டில் படிந்து கால்களுக்கிடையே கசியும். மேசையில் ஒழுங்காக ஓடியது மாரியில் கூத்துக் காட்டும். அந்த நான்கையும் பிளஸிலோ மைனஸிலோ கட்டிவிடுங்கள். வெளியீடுகளான 10, 11ஐ மட்டும் சும்மா விடலாம். அவற்றையும் சேர்த்துக் கட்டுவது இன்னொரு பிழை.

எல்எம்358இல் (இரண்டு ஒப்-அம்ப், அதாவது சிக்னல் பெருக்கி, உள்ள ஐசி) ஒரு பாதிதான் தேவையா? மற்றப் பாதியில் 7ஐ 6உடன் இணைத்து, 5ஐ இரண்டு சம ரெசிஸ்டரால் நடு வோல்ட்டில் நிறுத்தினால் சரி.

அப்புறம் என்.சி. என்ற எழுத்து. 741 என்ற ஒப்-அம்ப் ஐசியின் 8ஆம் காலில் அது இருந்தால் ‘இணைப்பில்லை’. சும்மாதானே இருக்கிறது என்று அந்தக் காலில் வேறு வயரை முடிச்சுப் போடக்கூடாது. சில ஐசிகளில் இப்படிப்பட்ட கால் உள்ளே சோதனைக்காக இணைந்திருக்கும். ரிலேயில் (கரண்ட் கொடுத்தால் மாறும் சுவிட்ச்) அதே எழுத்து, கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் தொடுப்பு. அதில் மோட்டரைக் கட்டினால் ரிலேக்குக் கரண்ட் போகாத நேரமெல்லாம் மோட்டர் ஓடும், தாங்கி வழியலாம்.

கால் நுனியில் பெருக்கல் குறி இருந்தால் வரைந்தவர் தெரிந்தே விட்டது. குறியும் கோடும் இல்லாத காலைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த ஐசியின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விபரத்தாள்) திறவுங்கள்.

கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் புள்ளி இருந்தால்தான் இணைப்பு. போட்டோகொப்பியில் புள்ளி மங்கிப்போகும், மைத்துளி புள்ளியாகவும் தெரியும். மூலப்படம் கிடைத்தால் அதைப் பாருங்கள்.