குண்டு வார்க்க மலிவான அச்சு: வாங்கிய பிறகு கசக்கும் தவறுகள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் ரைஃபிளுக்கான குண்டை வீட்டுக் கொட்டகையிலேயே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்த்துத் தோட்டா நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்பதானால்தான் வேண்டும். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், தயாரிக்கும் சாதனங்களையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை, வேட்டைக்கோ 1972இன் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. ஆக இங்கே இது படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் மட்டுமே.

சரி, அச்சுக்கு வருவோம். சிக்கனத்துக்காக வார்க்க இறங்குகிறவர் முதலில் பார்ப்பது அச்சின் விலையை. அங்கேதான் கணக்கு தப்புகிறது. லீ கம்பெனியின் இரண்டு குழி அலுமினிய அச்சு, லைமன், ஆர்சிபிஎஸ் போன்றவர்களின் இரும்பு அச்சுகளில் பாதி விலைக்கே கிடைக்கும், நன்றாகவும் வேலை செய்யும். அதனால் மலிவு அச்சு என்பதில் தவறே இல்லை. காசு கரைவது இரண்டாவது அச்சில், அப்புறம் மூன்றாவது அச்சில். முதல் அச்சு தன் துப்பாக்கிக்குப் பொருந்தாமல் போய், ஏன் பொருந்தவில்லை என்றும் தெரியாமல் இன்னொன்றை வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இதற்கெல்லாம் வேர் ஒரே தவறு: குழலை அளக்காமல் அச்சு வாங்குவது.

.30-30 என்ற தோட்டா போடும் ரைஃபிள் என்றால் குண்டின் விட்டம் .308 இன்ச் என்று எல்லா அட்டவணையிலும் இருக்கும். அது செப்பு உறை போட்ட கடைக் குண்டின் கணக்கு. வார்த்த ஈயக் குண்டு குழலின் உட்சுவரில் திருகுபோல வெட்டிய புரிப்பள்ளத்தை முழுக்க அடைத்துக்கொண்டு போக வேண்டும், அதற்குப் பள்ளத்தின் விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இன்ச் பெரிதாக இருக்க வேண்டும். உங்கள் குழலின் பள்ளம் .308 தானா என்பதை அட்டவணை சொல்லாது. நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய லீவர் ரைஃபிள்களில் .309, .310 என்று அளவு வருவது சகஜம். மார்லின் 336இன் மைக்ரோ-க்ரூவ் குழல்களில் புரியின் ஆழம் குறைவு என்பதால் அவை இன்னும் கொஞ்சம் தடித்த குண்டைத்தான் விரும்பும்.

அளப்பது பெரிய வித்தையும் இல்லை. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றியோ லீவரைத் திறந்தோ வைத்து, குழலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, குழலைவிட ஒரு மாற்றுப் பெரிதான சுத்த ஈயத் துண்டை வாய்ப்பக்கம் வைத்துத் தட்டி இறக்க வேண்டும். தூண்டிலுக்குப் போடும் ஈயமே போதும். பிறகு பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால், எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பது கைக்கே தெரியும். மறுமுனையில் விழும் துண்டில் புரிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கும். அதில் மேடாகத் தெரியும் பகுதிதான் குழலின் பள்ளம். எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் வருவது உங்கள் எண். வெர்னியர் காலிப்பரில் அளந்து திருப்திப்பட வேண்டாம். நாம் தேடும் வித்தியாசமே ஆயிரத்தில் ஒரு பங்கு, சாதாரணக் காலிப்பரின் பிழையும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்த வேலைக்காக ஒரு மைக்ரோமீட்டர் வாங்கினாலும் வீணான அச்சு ஒன்றைவிட அது மலிவு.

அளவு .3095 வந்தால் உங்களுக்கு வேண்டியது .3105 முதல் .3115 வரை. '309' என்று போட்டிருக்கும் அச்சை வாங்கி அப்படியே சுட்டால் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே சூடான வாயு பீறிட்டுப் போகும், ஈயம் உருகிக் குழலில் அப்பும், இலக்கு அட்டையில் துளை வட்டமாக விழாமல் சாவித் துவாரம் போல் நீளமாக விழும், அதாவது குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பலர் வெடிமருந்தை மாற்றுவார்கள், குண்டில் பூசும் மெழுகை மாற்றுவார்கள், ஈயத்தைக் கடினமாக்குவார்கள். கோளாறு விட்டத்தில் இருக்கும்போது இதெல்லாம் பயன் தராது.

அச்சில் பொறித்திருக்கும் எண் ஒரு கலவையை மனதில் வைத்துப் போட்டது என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. ஆண்டிமனி கலந்த கடின ஈயம் குளிரும்போது கொஞ்சமாகத்தான் சுருங்கும், சுத்த ஈயம் அதைவிட அதிகம் சுருங்கும். அதே அச்சு, அதே சூடு, ஆனால் ஈயம் மாறினால் குண்டின் விட்டமும் எடையும் மாறும். சிறிதாக வார்க்கும் அச்சு ஏற்கெனவே கையில் இருந்தால், தூக்கிப்போடுமுன் பவுடர் கோட்டிங்கை யோசிக்கலாம்: குண்டின் மேல் பெயிண்ட் பவுடரை ஒட்டவைத்து 200 டிகிரி செல்சியஸில் சுமார் இருபது நிமிடம் சுட்டு எடுத்தால் விட்டம் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கூடும், தனியாக மெழுகும் வேண்டாம். அதற்கு ஒரு பழைய டோஸ்டர் அவன் ஒதுக்க வேண்டும், சமையலுக்கு அது அதன்பின் ஆகாது.

அடுத்தது மூக்கு. இதில் தவறினால் காசு மட்டும் போகாது, கையும் போகலாம். வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்ற லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இருக்கும் நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்கும் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மேல் பின்னால் நிற்பதன் மூக்கு முட்டிக்கொண்டிருக்கும். கூர் மூக்குக் குண்டானால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் அந்த மூக்கே பிரைமரைக் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்க வைத்துவிடும். ஆகவே தட்டை மூக்கு அச்சு மட்டுமே, அரைவிலைக்குக் கிடைத்தாலும் கூர் மூக்கு வேண்டாம். தட்டை மூக்கு வேட்டைக்கும் நல்லது. வார்த்த குண்டு மெதுவாகப் போகும், கடைக் குண்டு போல் மலர்ந்து விரியும் என்று நம்ப முடியாது, அகலமான தட்டை முகம்தான் வேலையைச் செய்கிறது.

அச்சின் பெயரையே படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். லீயின் சி309-170-எஃப் என்றால் .309 விட்டம், 170 கிரெய்ன் எடை, எஃப் என்பது தட்டை மூக்கு, முன்னால் நிற்கும் சி, கேஸ் செக் போடும் குண்டு என்பதற்கான அடையாளம். லைமனின் எண்கள் வேறு மாதிரி: 311041இல் முதல் மூன்று இலக்கம் விட்டம், மீதி வடிவத்தின் எண், எடையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். .30-30க்கு, குழலின் அளவைப் பார்த்து, நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். இரண்டுமே அந்தத் தோட்டாவுக்கென்றே வரைந்தவை, இரண்டுக்கும் வெடிமருந்து எவ்வளவு போடுவது என்ற அட்டவணை புத்தகத்தில் கிடைக்கும். அட்டவணை கிடைக்காத விநோத வடிவ அச்சு எவ்வளவு மலிவானாலும் புதியவருக்கு அது வேண்டாம். மருந்தின் அளவை ஊகித்துப் போடுவது சிக்கனமாகாது.

கேஸ் செக் என்பது குண்டின் அடியில் மாட்டும் சின்னச் செப்புக் கிண்ணம். சூடான வாயு ஈயத்தின் அடியை அரிக்காமல் அது காக்கும். .30-30 வேட்டைத் தோட்டா நொடிக்கு 1,600 முதல் 2,000 அடி வேகத்தில் போக வேண்டும், அந்த வேகத்துக்கு இது தேவை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் 'ஈயம் ஓசியில் கிடைக்கிறது, குண்டும் ஓசி' என்று நினைப்பவர்கள் நிறைய. இந்தச் செலவே வேண்டாம் என்றால் துப்பாக்கியையே வேறு கோணத்தில் பார்க்கலாம்: .45-70 போன்ற பெரிய, மெதுவான தோட்டாவுக்குக் கேஸ் செக் இல்லாத தட்டை அடிக் குண்டு தாராளமாகப் போதும். 1873இல் அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்டபோதே 405 கிரெய்ன் ஈயக் குண்டோடுதான் வந்தது. லீயின் 457-405-எஃப் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஒரு பவுண்டு ஈயம் 7,000 கிரெய்ன். 170 கிரெய்ன் என்றால் நாற்பது குண்டு தேறும், 405 என்றால் பதினேழுதான். ஒரு பக்கம் மிச்சம் பிடித்தால் இன்னொரு பக்கம் கேட்கும்.

கைப்பிடி விஷயத்தில் ஏமாறுகிறவர்களும் உண்டு. லீயின் இரண்டு குழி அச்சு கைப்பிடியோடு வரும். அவர்களுடைய ஆறு குழி அச்சுக்கும், லைமன், ஆர்சிபிஎஸ் அச்சுகளுக்கும் கைப்பிடி தனி விலை. வேட்டைக்காரருக்கு ஆறு குழி எதற்கு என்பது என் கேள்வி. வாரா வாரம் நூற்றுக்கணக்கில் சுடும் பிஸ்டல்காரருக்கு அது சரி. மான் சீசனுக்கும் அதற்கு முன்னான பயிற்சிக்கும் இரண்டு குழி போதும். மூக்கில் குழி விட்டு வார்க்கும் ஹாலோ பாயின்ட் அச்சையும் இதே கணக்கில் தள்ளிவிடலாம்.

பழைய அச்சு வாங்குவது நல்ல வழி, பார்த்து வாங்கினால். லைமன் 1925இல் ஐடியல் கம்பெனியை வாங்கியது, அந்தக் காலத்து இரும்பு அச்சுகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், இரண்டு பாதிக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குழிக்குள் துரு அரித்த புள்ளிகள் இருந்தால் குண்டு அதில் பிடித்துக்கொண்டு விழாது. வெளிப்புறத்தில் சுத்தியல் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்: குண்டு விழவில்லை என்று அச்சையே அடித்தவர்கள் கையில் குழி நீள்வட்டமாகிப் போயிருக்கும். தட்டுவதானால் கைப்பிடியின் கீலில், அதுவும் மரக்கட்டையால்.

புது அலுமினிய அச்சை வாங்கிய அன்றே 'குப்பை' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து வாங்குகிறவர் அதிர்ஷ்டசாலி. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகக் கழுவாவிட்டாலோ அச்சு சூடாகாவிட்டாலோ குண்டு சுருக்கம் சுருக்கமாகத்தான் விழும். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வதற்கு யாரும் கல்லை மாற்றுவதில்லை. முதலில் விழுபவற்றை மறுபடி சட்டியில் போட்டுவிட்டுத் தொடர்ந்து வார்த்தால், அச்சு சூடு பிடித்ததும் விளிம்பு கூராக வரத் தொடங்கும்.

ஈயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், கடினமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் வேட்டைக்கு ஒத்துவராது. சுத்த ஈயத்தின் பிரினெல் கடினம் 5. 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆண்டிமனி சேர்ந்த லைமன் இரண்டாம் எண் கலவை 15. அச்சுக்கூடத்தில் எழுத்து வார்க்கும் லினோடைப் உலோகம் 22. லினோடைப்பில் குண்டு பளபளவென்று அழகாக வரும், எலும்பில் பட்டால் உடையும். கார் சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டும் ஈய எடைத்துண்டும் சுத்த ஈயமும் பாதிக்குப் பாதி, கூடவே துளி வெள்ளீயம், மிதமான வேகத்துக்கு இதுவே போதும். சக்கர எடைகளில் இப்போது இரும்பும் துத்தநாகமும் நிறையக் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419இல். சூட்டை அதற்குக் கீழே வைத்திருந்தால் துத்தநாகம் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் அச்சை ஒழுங்காக நிரப்பாது, மறுபடியும் பழி அச்சின் மேல் விழும்.

பட்ஜெட்டில் வெட்டக் கூடாதவை: காற்றோட்டம், கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் சட்டி முழுக்கக் கூரைக்குச் சீறும். சமையலறையில் வார்ப்பது கூடவே கூடாது; மேலே மிதக்கும் கசடின் தூசி கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் பெரிய ஆபத்து, அதிலும் குழந்தைகள் இருக்கும் வீட்டில். அப்புறம் மாநிலச் சட்டம்: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே இருப்பவருக்கு இந்த அச்சு இலக்குப் பலகையைச் சுட மட்டும்தான்.

இன்னொரு வழி இருக்கிறது, ஏனோ பலர் அதைத் தொடுவதே இல்லை. நீங்கள் கண் வைத்திருக்கும் அச்சை ஏற்கெனவே வைத்திருக்கிறவர் ரைஃபிள் கிளப்பில் யாராவது இருப்பார், பத்துப் பன்னிரண்டு குண்டு கேட்டால் காசு கூட வாங்க மாட்டார். அவற்றை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். பிறகு மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுக்கூட்டில் ஒன்றிரண்டை அமர்த்தி, .30-30 ஆனால் மொத்த நீளம் 2.550 இன்ச்சைத் தாண்டாமல், லீவரை ஓட்டிப் பாருங்கள். குழாயிலிருந்து ஏறி அறைக்குள் தடையில்லாமல் மூடி, வெளியே எடுக்கும்போது குண்டு புரியில் சிக்கி நின்றுவிடாமல் கூட்டோடு வந்தால் அந்த அச்சுக்கு ஆர்டர் போடலாம். சிக்கினால் அடுத்த எண்ணைக் கேளுங்கள், அதற்கும் பத்துக் குண்டு தர யாராவது இருப்பார்கள்.