காலையில் ஐஸ், மத்தியானம் அரைமண்டி: சனிக்கிழமையைச் சமாளிப்பது எப்படி?

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் குளிர்காலச் சனிக்கிழமை இப்படித்தான்: காலையில் ஸ்கேற்றிங், மத்தியானம் பரத வகுப்பு. நாள் குழம்புவது பெரும்பாலும் வகுப்புகளுக்குள் இல்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒன்றரை மணி நேரத்தில்தான். விறைத்த காலும் வெறும் வயிறும் ஈர உடுப்புமாக நடனத்துக்குப் போகும் பிள்ளை பத்து நிமிடத்தில் அழும்.

வெள்ளி இரவே இரண்டு பைகளைத் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒரே பைக்குள் போட்டால் ஸ்கேற் பிளேட்டின் தண்ணீர் நடனச் சேலையை நனைத்துவிடும். ஸ்கேற் பைக்குள் ஹெல்மெற், நீர் புகாத கையுறை இரண்டு சோடி, கழுத்துக்குச் சால்வைக்குப் பதில் தலைவழியே போடும் கழுத்துறை, பிளேட் துடைக்கச் சின்னத் துவாய். ஹெல்மெற் சிஎஸ்ஏ (CSA) என்ற கனடியத் தரமுத்திரை உள்ள ஹொக்கி ஹெல்மெற்றாக இருக்கவேண்டும். ஸ்கேற்றிங் தொடங்குபவர்களுக்கான கான்ஸ்கேற் (CanSkate) வகுப்புகளில் சைக்கிள் ஹெல்மெற்றோடு ஐஸில் இறங்க விடமாட்டார்கள்.

காரில் பஞ்சு ஜக்கெற்றோடு பிள்ளையைச் சீற்றில் கட்டாதீர்கள். மோதலில் பஞ்சு அமுங்கினால் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய சுவெற்றரோடு கட்டி, ஜக்கெற்றை மேலே போர்த்திவிட்டால் போதும்.

வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே ரிங்குக்குப் போய்ச் சேருங்கள், ஏனென்றால் நேரம் தின்பது ஸ்கேற் கட்டும் வேலை. மேஸ் (காலுறை) ஒரு சோடி போதும், அதுவும் மெல்லியதாக. குளிருக்கென்று இரண்டு தடித்த மேஸ் போடுவதுதான் நம் ஆட்கள் அதிகம் விடும் பிழை. கால் நெரிபட்டு இரத்த ஓட்டம் குறைய, விரல்கள் இன்னும் சீக்கிரம் விறைக்கும். அளவு பார்க்க, கயிறு கட்டாமல் விரல்நுனி முன்பக்கம் முட்டும்வரை காலைத் தள்ளுங்கள். குதிக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் போகலாம், இரண்டு போனால் பெரிது. “அடுத்த வருசத்துக்கும் ஆகும்” என்று பெரிதாக வாங்கினால் இந்த வருசம் முழுக்கக் கணுக்கால் மடியும்.

கட்டும்போது கயிற்றை அடிவரை தளர்த்திக் காலை விட்டு, குதியை நிலத்தில் தட்டிப் பின்னால் அமர வையுங்கள். விரல் பக்கம் இலேசாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாக, மேலே முழங்கால் மடிய இடம் விட்டு. எல்லா இடமும் ஒரே இறுக்கமாகக் கட்டினால் பிள்ளை விறைத்த மரம்போல நிற்கும். புதிய ஸ்கேற் பெரும்பாலும் கூர் தீட்டாமல்தான் வரும். கடையிலேயே தீட்டி வாங்காவிட்டால் முதல் நாள் முழுக்க வழுக்கலும் விழுதலும்தான்.

விழுந்து எழும்பப் பழக்குவதை வீட்டுக் கம்பளத்திலேயே தொடங்கலாம்: இரண்டு முழங்காலில் நின்று, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, இரு கையையும் அந்த முழங்காலில் வைத்து எழும்பவேண்டும். வகுப்பு தொடங்கியதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்து ஆலோசனை சொல்லாதீர்கள். பிள்ளை ஆசிரியரைப் பார்க்காமல் உங்களையே பார்க்கும். நீங்களும் தடித்த சப்பாத்துப் போட்டு, இருக்க ஒரு துவாயை மடித்துக்கொண்டு போங்கள். ரிங்க் வாங்கு பனிக்கட்டிபோல இருக்கும்.

முடிந்தவுடன் முதல் வேலை மேஸ் மாற்றுவது. வியர்வையில் ஊறிய மேஸோடு காரில் இருந்தால் கால் சூடாகாது. பாதங்களைக் கைகளுக்குள் பொத்திச் சூடாக்கி, உலர்ந்த தடித்த மேஸ் போடுங்கள். தடித்த மேஸுக்கு உரிய நேரம் இதுதான். விரல் வெளுத்திருந்தால் சுடுதண்ணீரில் வைக்கவேண்டாம். உணர்வில்லாத தோல் சூட்டை அறியாது.

சாப்பாடு நடனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, பாதி வயிறு. இரண்டு இட்லியோ ஒரு அவித்த முட்டையோ போதும். பொரித்ததும் பாலும் வேண்டாம், குதிக்கும்போது மேலே வரும்.

நடன வகுப்பில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஸ்கேற்றில் ஓட்டத்தை நிறுத்துவதற்கு விரல்நுனியை உள்ளே திருப்பிக் குதியை வெளியே தள்ளப் பழக்குவார்கள். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி இருக்கும் பரத நிலையான அரைமண்டியில் அதற்கு நேர் எதிர், குதிகள் கிட்ட, விரல்கள் பக்கவாட்டில். காலையில் களைத்த தொடை மத்தியானம் முழங்காலை முன்னால் விழவிடும். அது சோம்பல் இல்லை. பாதத்தை வற்புறுத்தித் திருப்பாமல், இடுப்பிலிருந்து திரும்பக்கூடிய அளவுக்கு மட்டும் இருக்கவிட்டு, ஆசிரியரிடம் “காலையில் ஸ்கேற்றிங்” என்று ஒரு சொல் சொல்லிவையுங்கள். விறைப்பு முழுதாகப் போகுமுன் பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவைத் தொடங்கினால் பாதம் எரியும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் மேஸோடு ஐந்து நிமிடம் நடக்க விட்டு, பிறகுதான் வெறுங்கால். வீடியோ எடுக்க முன் ஆசிரியரைக் கேளுங்கள், மற்றப் பிள்ளைகளும் படத்தில் வருவார்கள்.

வீடு வந்ததும் ஸ்கேற் உறையைக் கழற்றிப் பிளேட்டைத் துடைத்து, ஸ்கேற் சப்பாத்தின் நாக்கை விரித்துக் காயவிடுங்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் ஈரத்தோடு விட்ட பிளேட் அடுத்த சனிக்குள் துருப்பிடிக்கும்.