‘கோட்டாவில் வந்தவன்’ என்று யாராவது ஆரம்பித்தால் என்ன செய்வது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிம்மதி கிடையாது. இட ஒதுக்கீட்டைப் பற்றி யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். சென்ற முறை சித்தப்பா. அவர் பையன் கணக்கில் 96, இயற்பியலில் 94, வேதியியலில் 97, அதாவது கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதிப்பாதியாகச் சேர்த்து 200-க்கு கட் ஆஃப் 191.5. கேட்ட கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்று தெரிந்ததும், "185 வாங்கினவனுக்குக் கிடைக்குது, நம்ம பையனுக்கு இல்ல, இதுல தகுதி எங்க இருக்கு" என்று காலை ஆறரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

பத்து வருடமாக இந்தச் சண்டையைத் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தேன். நான் பெரியார் படம் போட்டுச் சமூகநீதி பேசுவேன், அவர் அமெரிக்காவில் யாரோ டாக்டர் சொன்னதாக ஒரு ஃபார்வர்ட் போடுவார், அத்தை கும்பிடு போட்டு ‘குட் மார்னிங்’ அனுப்புவார், அதோடு முடியும். இப்போது முறையை மாற்றிவிட்டேன். கொள்கை பேசுவதில்லை, பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன். எப்படி என்று சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார்.

முதலில் ஓ.சி. என்றால் என்ன என்று கேளுங்கள். பாதிப் பேர் ‘அதர் கம்யூனிட்டி’ என்பார்கள், மீதிப் பேர் ‘முன்னேறிய சாதிக்காரங்களுக்கு ஒதுக்கின 31 சதவீதம்’ என்பார்கள். இரண்டும் தப்பு. ஓப்பன் காம்பெடிஷன், பொதுப்போட்டி. யார் வேண்டுமானாலும் மதிப்பெண் இருந்தால் அதில் இடம் எடுக்கலாம். எஸ்.சி. மாணவி பொதுத் தரவரிசையில் மேலே இருந்தால் ஓ.சி. இடத்தில்தான் போவாள், எஸ்.சி. ஒதுக்கீட்டில் ஒன்று குறையாது. மீதமுள்ள 69 சதவீதம் இப்படிப் பிரிகிறது: பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.யும் (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சீர்மரபினரும் சேர்ந்து 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சண்டையில் கூகுள் செய்ய நேரம் இருக்காது.

அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்க வேண்டும், குரல் உயர்த்தாமல். "சித்தப்பா, நம்ம கம்யூனிட்டி சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?"

பி.சி. என்று போட்டிருக்கிறது. பீரோவில் துணிக்கு அடியில், லேமினேட் செய்து, மூன்று ஜெராக்ஸோடு இருக்கிறது. அவர் வேலைக்குப் போனதும் அதை வைத்துத்தான். இதைச் சொன்னால் "அது வேற" என்பார். தமிழ்நாட்டில் ‘கோட்டா’ என்று கோபப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த 69-க்குள் இருப்பவர்கள்தான். கோபம் எப்போதும் தனக்குக் கீழே இருக்கும் பிரிவின் மேல் மட்டும். இதைக் குத்திக்காட்ட வேண்டாம், கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள், அவருக்கே உறைக்கும். உறைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது கணக்கு. இதுதான் முக்கியம், பேனாவும் பேப்பரும் எடுங்கள்.

சித்தப்பா கேட்ட கல்லூரி தனியார், சிறுபான்மையினர் நடத்துவது அல்ல. அந்த மாதிரிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும், 35 சதவீதம் நிர்வாக ஒதுக்கீடு. அறுபது இடம் உள்ள வகுப்பு என்றால் கலந்தாய்வுக்கு 39, நிர்வாகத்துக்கு 21. அந்த 39-இல் எஸ்.சி.க்கும் அருந்ததியருக்கும் சேர்த்து 18 சதவீதம், அதாவது ஏழு இடம். ஏழு. நிர்வாக ஒதுக்கீட்டு 21 இடத்துக்குத் தேர்ச்சியும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் இருந்தால் போதும், மற்றதைப் பணம் பார்த்துக்கொள்ளும். சித்தப்பா அந்த ஏழு இடத்தைப் பற்றி நான்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். 21-ஐப் பற்றி ஒன்றும் போடவில்லை. போடவில்லை என்று சொல்வதும் தப்பு, நான்காவது மெசேஜின் கடைசியில் "மேனேஜ்மென்ட்ல எவ்வளவு கேக்குறாங்கன்னு விசாரிச்சிருக்கேன்" என்று இருந்தது.

சரி, அந்த ஏழு இடத்தையும் பொதுவில் சேர்த்துவிட்டால் தம்பிக்கு, அதாவது சித்தப்பா பையனுக்கு, கிடைத்திருக்குமா? பேருந்தில் பெண்கள் இருக்கை ஒன்று இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முப்பது ஆண்களும் ‘அந்தப் பலகை மட்டும் இல்லையென்றால் நான் உட்கார்ந்திருப்பேன்’ என்று நினைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரிதான் இது. ஏழு இடம் திறந்தால் ஏழு பேர்தான் நுழைய முடியும். பொறியியல் தரவரிசைப் பட்டியலில் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அரை மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் அடைந்துகிடப்பார்கள். போன வருடம் அந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்தில் பி.சி. இடம் எந்த ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள், உங்கள் பையனின் பி.சி. ரேங்க் எவ்வளவு என்று பாருங்கள், நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கழித்துப் பாருங்கள். அவர்களில் யாரும் 185 வாங்கியவர்கள் இல்லை. எல்லாரும் தம்பியைவிட அதிகம் வாங்கிய பி.சி. பையன்களும் பெண்களும்தான்.

பட்டியல் எங்கே கிடைக்கும் என்றால், பொறியியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே பழைய வருடங்களின் கட் ஆஃப் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக இருக்கும். யாருக்கு எந்த இடம் கிடைத்தது என்ற பட்டியலில் மாணவரின் பிரிவு ஒரு கட்டத்தில் இருக்கும், அவருக்கு எந்தப் பிரிவின் இடம் கொடுத்தார்கள் என்பது இன்னொரு கட்டத்தில் இருக்கும். முதல் கட்டத்தில் பி.சி. அல்லது எம்.பி.சி., இரண்டாவதில் ஓ.சி. என்று வரும் வரிகளை விரலால் எண்ணச் சொல்லுங்கள். நாங்கள் எண்ணும்போது இரண்டாவது பக்கத்திலேயே சித்தப்பா எண்ணுவதை நிறுத்திவிட்டு "இவ்வளவு பேரா" என்றார். அப்படியே மேல்மட்டக் கல்லூரிகளின் கட் ஆஃபையும் பார்த்துவிடுங்கள். எல்லாரும் அடித்துக்கொள்ளும் பாடத்தில் ஓ.சி.க்கும் பி.சி.க்கும் ஒன்றிரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம் இருக்கும். எஸ்.சி., எஸ்.டி.க்கு அதைவிட அதிகம் இருக்கும், அதை மறைக்க வேண்டாம்.

‘அந்த ஒன்றிரண்டு மதிப்பெண்தானே தகுதி’ என்று அடுத்து வருவார்கள். அப்போது சமநிலை வந்தால் என்ன செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். இரண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் வந்தால் முதலில் கணக்கு மதிப்பெண், அப்புறம் இயற்பியல், இப்படியே போய்க் கடைசியில் பிறந்த தேதி, அதுவும் ஒத்துப்போனால் ரேண்டம் எண். கம்ப்யூட்டர் போடும் குலுக்கல். குலுக்கலில் முன்னால் வந்தவனை யாரும் தகுதி இல்லாதவன் என்று சொல்வதில்லை. மதிப்பெண் என்பது பொய் என்று நான் சொல்ல வரவில்லை, 190 வாங்குவது லேசான வேலையா என்ன. ஆனால் அரை மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து இவன் மூளை அவன் மூளையைவிடப் பெரியது என்று சொல்ல அந்தத் தேர்வை யாரும் தயாரிக்கவில்லை. இருக்கும் இடத்தை எப்படியாவது பங்கிட்டாக வேண்டும், அதற்கு ஒரு வரிசை.

மருத்துவம் பேச்சில் வந்தால், ‘கோட்டா டாக்டர்கிட்ட ஆபரேஷன் பண்ணிப்பியா’ என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் ரொம்பச் சுருக்கம். ஒதுக்கீடு நுழைவாயிலில்தான், எம்.பி.பி.எஸ். தேர்வில் யாருக்கும் தனி பாஸ் மார்க் கிடையாது. இன்னும் வேண்டுமென்றால் 2023-ஐ நினைவுபடுத்துங்கள். முதுநிலை நீட் இடங்கள் காலியாகக் கிடந்ததால் அந்த வருடம் தகுதி பெர்சன்டைலை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யமாக்கினார்கள். தேர்வு எழுதியிருந்தாலே தகுதி. எங்கள் குழுவில் அன்றைக்கு ஒரு ஃபார்வர்டும் வரவில்லை. வேலைத்திறன் பற்றிக் கேட்டால், அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃப்பும் இந்திய ரயில்வேயை எடுத்துக்கொண்டு 1980 முதல் 2002 வரையிலான தரவை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டில் வந்தவர்கள் அதிகம் இருப்பதால் உற்பத்தித்திறன் குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மேல்நிலைப் பதவிகளில் கொஞ்சம் நல்ல விளைவே தெரிந்தது. ஒரு ஆய்வுதான், அதை வைத்து உலகத்தையே தீர்மானிக்க முடியாது, ஆனால் ஃபார்வர்டைவிட மேல்.

‘அம்பேத்கரே பத்து வருஷம்தான்னு சொன்னார்’ என்று ஒருவர் வருவார். அரசியல் சட்டத்தின் 334-ஆவது பிரிவு பத்து வருடம் என்று சொன்னது மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கு. அதைத்தான் பத்து பத்து வருடமாக நீட்டித்து, இப்போது 2030 வரை வைத்திருக்கிறார்கள். கல்விக்கும் வேலைக்கும் அந்தக் கெடு எழுதப்படவே இல்லை. கூடவே செண்பகம் துரைராஜன் வழக்கையும் சொல்லலாம். சாதி, மதம் வாரியாக இடங்களைப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 1951-இல் அந்த வழக்கில்தான் செல்லாமல் போனது. மருத்துவ இடம் மறுக்கப்படும் என்று வழக்குப் போட்டவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. அதே வருடம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) சேர்ந்தது.

இனி, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்கள். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னது எதையும் அவர்கள் காதில் வாங்க மாட்டார்கள்.

‘பணக்கார பி.சி.யும் அதே சர்டிபிகேட்தானே காட்டுறான்’ என்று சித்தப்பா கேட்டபோது ஆமாம் என்றேன். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கிரீமி லேயர், அதாவது வசதியானவர்களை விலக்கும் வரம்பு, கிடையாது. எம்.ஜி.ஆர். 1979-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார், 1980 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்கு இரண்டே தொகுதி, உடனே வரம்பை எடுத்துவிட்டு பி.சி. ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதமாக்கினார். அதற்கப்புறம் எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு பிரிவுக்குள்ளேயே சில சாதிகள் மட்டும் எடுத்துக்கொள்வதும் உண்மை. மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டை ரோகிணி ஆணையம் பார்த்தபோது 97 சதவீதம் ஏறக்குறைய கால்பங்கு சாதிகளுக்கே போயிருந்தது, 983 சமூகங்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இதற்கெல்லாம் தீர்வு ஒதுக்கீட்டை இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பது, அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு கொடுத்த மாதிரி. உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024-இல் சொல்லிவிட்டது. ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டால் அந்த 983-க்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை நான் கடைசியில் எடுப்பேன், ஏனென்றால் அதில் சாதிப் பேச்சு இல்லாததால் கோபம் குறைந்திருக்கும். நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் கொடுக்கச் சொன்னது, 2020-இல் 7.5 வந்தது, அடுத்த வருடம் பொறியியலுக்கும். தம்பி படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு நவம்பரிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்தார்கள், சனி ஞாயிறு டெஸ்ட். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் அரையாண்டு வரை ஆள் வரவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே வினாத்தாள். இதைச் சொன்னபோது சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, தம்பிதான் "அந்த ஸ்கூல்ல சந்துரு 178 வாங்கியிருக்கான், டியூஷனே போகாம" என்றான்.

டெக்சாஸில் இருக்கும் அண்ணன் இந்த நேரத்தில் உள்ளே வருவார். "இங்க ட்ரம்ப் டி.இ.ஐ.யை எடுத்துட்டாரு, நீங்க இன்னும் கோட்டா பேசிட்டிருக்கீங்க." டி.இ.ஐ. என்பது அங்கே எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கொள்கை, இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள். அங்கே இன அடிப்படையில் இத்தனை இடம் என்று ஒதுக்குவதை 1978-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது, 2023-இல் ஹார்வர்டு வழக்கில் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையும் நிறுத்தியது. நம்முடையது அரசியல் சட்டத்திலேயே எழுதி, எண்ணிக்கையோடு, பட்டியலோடு நடப்பது. அங்கே எடுத்ததால் இங்கே எடுக்க வேண்டும் என்றால் அங்கே சோற்றுக்கு ரசம் கிடையாது, இங்கேயும் நிறுத்திவிடலாமா.

செய்யக்கூடாதவை இரண்டு. பக்கத்து வீட்டுப் பையன் எந்தக் கோட்டாவில் போனான் என்று பெயர் சொல்லிப் பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம், மதிப்பெண் வந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ‘உனக்குக் கிடைக்க வேண்டியதை எவனோ எடுத்துட்டான்’ என்று பேச விடாதீர்கள். அவன் நாலு வருடம் ஒரே விடுதியில் அந்த ‘எவனோ’வோடு சாப்பிடப் போகிறான்.

வாதம் எந்த நிலையில் இருந்தாலும் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டும் நாளுக்கு முந்தின இரவு நிறுத்திவிட வேண்டும். நாங்கள் அன்றைக்கு லேப்டாப்பை நடுவில் வைத்து, போன வருட பி.சி. ரேங்கைப் பார்த்துப் பார்த்து, கல்லூரி எண்ணும் பாட எண்ணும் போட்டு, கோவை அரசுக் கல்லூரி ட்ரிபிள் ஈ-யை முதலில் வைத்து 84 விருப்பங்கள் நிரப்பினோம். மணி பதினொன்றே முக்கால். சித்தப்பா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒரு போன் மட்டும் போட்டுப் பாத்துடவா?"