அடித்தால் வலிக்குமா? இரண்டு போலீஸ் காமெடிக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மதுரை செல்லூரிலிருந்து நண்பர் ஒருவர் திரைக்கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். ரிட்டயர்டு ஆக எட்டு மாதம் இருக்கிற ஏட்டு, ட்ரெயினிங் முடித்த கையோடு வந்த எஸ்.ஐ. பையன். சித்திரைத் திருவிழா பந்தோபஸ்தில் ஒரு செயின் பறிப்பு. அந்தத் திருடனைத் துரத்தப்போய் ஒரு கொலையில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் முப்பது பக்கம் விழுந்து விழுந்து சிரித்தேன். அறுபதாம் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய கதைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

காமெடியையும் கண்ணீரையும் கலந்ததால்தான் இப்படி ஆகிறது என்று பலர் சொல்வார்கள். கலப்பது தவறே இல்லை. 1987இல் வந்த ‘லீத்தல் வெப்பன்’ ஹாலிவுட் படத்தில், மனைவியைப் பறிகொடுத்த போலீஸ்காரர் துப்பாக்கியை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். அவருடைய ஜோடியோ, ஐம்பதாவது பிறந்தநாள் அன்று பாத்டப்பில் இருக்கும்போது குடும்பம் கேக்கோடு உள்ளே வந்து நிற்கும். இரண்டும் ஒரே படத்தில் ஒட்டுகின்றன. அழுதவருக்கு அந்தக் காட்சியோடு வலி தீர்ந்துவிடவில்லை. அவர் பிறகு செய்கிற கிறுக்குத்தனம் எல்லாம் உயிர்மேல் ஆசை விட்டுப்போனவரின் கிறுக்குத்தனம் என்று தெரிந்துதான் சிரிக்கிறோம்.

அதனால் எழுத உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் கதையில் அடித்தால் வலிக்குமா? நண்பர் அதை முடிவு செய்யவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஏட்டு பாலத்திலிருந்து வைகை மணலில் விழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார். அறுபதாம் பக்கத்தில் ஒரே கத்திக்குத்து, எஸ்.ஐ. ஐ.சி.யூ.வில். பாலத்திலிருந்து விழுந்தவருக்குச் சிராய்ப்புகூட இல்லையே, இவனுக்கு மட்டும் ஏன் நான் பதற வேண்டும் என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிடும். ஏட்டுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, மிச்சப் படம் முழுக்க ஜீப்பில் ஏற எஸ்.ஐ. கை கொடுக்க வேண்டியிருந்தால் சிரிப்பும் இருக்கும், கத்திக்குத்துக்கும் மதிப்பு இருக்கும்.

இந்தக் கேள்வி இன்னும் கடுமையாக நிற்கும் இடம் லாக்கப். சந்தேக ஆளை லத்தியால் அடிக்க, அவன் கோணல் மாணலாகக் கத்த, தியேட்டர் சிரிக்கும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே அதை வழக்காக எடுத்தது. 2025 ஜூனில், நம் பக்கத்துத் திருப்புவனம் வட்டாரத்தில், மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் செத்துப்போனார். இதெல்லாம் தெரிந்த ஜனம்தான் டிக்கெட் எடுத்து உள்ளே வருகிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு உங்கள் ஏட்டு எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரோடு சேர்ந்து சிரிக்க மனசு வராது.

காமெடியைத் தனி டிராக்காக எழுதுவது நம் பழைய பழக்கம். கலைவாணர் என்.எஸ்.கே. தன் குழுவோடு தனியே எழுதிச் சேர்த்த காலத்திலிருந்து வருகிறது; பொக்கிஷமான காட்சிகள் அதில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அங்கே சிரிக்க வைக்கிறவர் வேறு, கதையைச் சுமக்கிறவர் வேறு. இரண்டு போலீஸ் கதையில் சிரிக்க வைக்கிறவர்களேதான் பிணத்தின் பக்கத்திலும் நிற்கப்போகிறார்கள். ‘காமெடிக்கு ஒரு ரைட்டர், சீரியசுக்கு ஒரு ரைட்டர்’ என்று பிரித்துக் கொடுத்தால் ஏட்டு காட்சிக்குக் காட்சி வேறு ஆளாகிவிடுவார்.

பேச்சில் இது பளிச்சென்று தெரிந்துவிடும். சிரிப்புக் காட்சியில் “ஓடிப்போய்ட்டாய்ங்கண்ணே” என்கிற பையன், அம்மா செத்த காட்சியில் “அவங்க இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படிப் போவேன்” என்று எந்த ஊருமில்லாத தமிழில் பேசுகிறான். மதுரைப் பேச்சு என்றாலே சிரிப்புக்கு என்று நினைப்பதால் வருகிற வினை இது. நம் வீடுகளில் ஒப்பாரியும் இதே பேச்சில்தானே வைக்கிறார்கள்? இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வந்தது.

அருவாளும் ஜல்லிக்கட்டும் இல்லாவிட்டால் மதுரை ஆகாது என்று நடுவில் திணிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விட்டுவிடுங்கள்.

நண்பரிடம் நான் அதிகம் சண்டை போட்டது அந்தச் செயின் காட்சிக்காகத்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரம், தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவில் திருடன் ஓட, இருவரும் நனைந்துகொண்டே துரத்துவது அருமையான சிரிப்பு. ஆனால் செயினைப் பறிகொடுத்த பாட்டி அதோடு காணாமல் போகிறார். கழுத்தில் செயின் அறுத்த சிவப்புக் கோட்டோடு அவர் ஸ்டேஷனுக்கு வந்து உட்காரட்டும் என்றேன். மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். அந்த ஸ்டேஷன் காட்சியின் சிரிப்பு சட்டப் பிரிவு எண்களில் இருக்கிறது.

2024 ஜூலை 1இலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. புதிய சட்டத்தில் பறிப்புக்கென்றே 304ஆம் பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 392 என்றால் வழிப்பறி; 304 என்றால் கொலை என்று ஆகாவிட்டாலும் ஆளைச் சாகடித்த குற்றம். ஏட்டு பழைய பழக்கத்தில் “392 போட்ருவோமாய்யா?” என்கிறார். “இப்ப 304ண்ணே” என்கிறான் எஸ்.ஐ. ஏட்டு பேனாவைக் கீழே போடுகிறார்: “304ஆ? ஆத்தா உசுரோட உக்காந்துருக்கு!”

பாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். “நம்பரு என்னவா வேணா இருக்கட்டும்யா. செயினு வருமா, வராதா?”

இந்த இடத்தில் மூன்று பேரும் ஒரே ஃபிரேமில் இருக்க வேண்டும். ஏட்டின் வசனத்துக்கு ‘டொய்ங்’ சத்தம் வேண்டாம். பாட்டிக்குத் தனி க்ளோசப் வைத்து வயலினும் போட வேண்டாம். ஸ்டேஷன் ஃபேன் ஓடுகிற சத்தம் போதும்.